ஊத்த மாட்டன் எண்ட காக்கா: மஞ்சந்தொடுவாய் கராஜில் ஓர் ஒயில் கணக்கு

முதலில் காக்காவின் கராஜ் (கராஜ்காரரை அப்படித்தான் கூப்பிடுகிறோம், அண்ணன் என்று அர்த்தம்) இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தேடிப் பிடிப்பதே ஒரு வேலை. மட்டக்களப்பில், கல்லடியில் இருந்து கல்முனை வீதியால் வந்தால் நாவற்குடா கழிந்து, காத்தான்குடி தொடங்க முன்னம், மஞ்சந்தொடுவாயில் வாவிப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கைக்குள் இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. வாசலில் வேப்பமரம், மரத்தடியில் பழைய டயர் அடுக்கு. அந்த டயர் அடுக்குத்தான் காத்திருக்கும் ஆட்களுக்கான கதிரை. சாரி உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடத்தில் இருந்து நேரே போகாதீர்கள். நான் போய் ஒரு சாரி போயிற்று.

நான் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. வீடு கல்லடி, பள்ளிக்கூடம் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம். முன்னம் மண்முனைத்துறையில் பாதை என்கிற மிதவைப் படகுக்குக் காத்துக் கிடந்துதான் கடக்க வேண்டும். 2014இல் பாலம் திறந்த பிறகு காரிலேயே போய் வருகிறேன், நாளுக்கு முப்பது கிலோமீற்றர் கிட்ட ஓடும். கார் கொரோலா 121. இருபது வயது தாண்டிவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் திரும்ப விட்டார்கள். அந்த இடைவெளியில் இந்தக் காரை விற்றால் வேறொன்று வாங்க முடியாது என்ற பயத்திலேயே வைத்திருந்தேன். இப்போது வாங்கலாம், ஆனால் விலையைக் கேட்டால் வைத்திருப்பதே மேல். ஆகவே இந்த எஞ்சின் இன்னும் பத்து வருசம் ஓடவேண்டும். இந்த விமர்சனமே அந்த ஆசையில் எழுதுவதுதான்.

போன ஜனவரியில் டவுனில் ஒரு பெரிய சேர்விஸ் இடத்தில் ஒயில் மாற்றினேன். பெயர் வேண்டாம். ஏசி அறை, கண்ணாடிக் கதவு, பிரின்ட் அடித்த பில். பில்லில் ஒயில் 4 லீற்றர், ஒயில் பில்டர் 1, கூலி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இரண்டு மூன்று கிழமையில், காலையில் ஸ்டார்ட் பண்ணினால் பின்னால் நீலப் புகை. கேட்டடியில் நின்ற மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று, “டீச்சர்ட கார் சாம்பிராணி போடுது” என்று கத்தியது. செக்கிங் பொயின்டில் நிறுத்தினால் எரிந்த ஒயில் மணம். அதே இடத்துக்குக் கொண்டுபோனேன். பொனட்டைத் திறந்து பார்க்கக்கூட இல்லை. “பழைய கார்தானே மிஸ், எஞ்சின் கழட்டிச் செய்யவேணும்” என்று ஒரு தொகை சொன்னார்கள். என் ஆறு மாதச் சம்பளத்துக்கு மேல்.

எங்கள் பிரதி அதிபர்தான் இந்தக் கராஜைச் சொன்னார். “எஞ்சினைக் கழட்ட முதல் காக்காவிட்ட ஒருக்காக் காட்டுங்க டீச்சர். ஆள் கொஞ்சம் வில்லங்கம், ஆனா கை சுத்தம்.”

வில்லங்கம் என்பது போன உடனேயே விளங்கியது. புகையைப் பற்றி நான் நீட்டி முழக்கிக் கதை சொல்ல, காக்கா கேட்டது ஒரே கேள்வி: “கம்பி இழுத்துப் பாத்தீங்களா?” ஒயில் மட்டம் பார்க்கிற கம்பியை, டிப்ஸ்டிக்கைத்தான் சொன்னார். இல்லை என்றேன். “எத்தின வருசமா ஓட்டுறீங்க?” பதினொரு வருசம் என்றேன். மனிசன் ஒன்றும் பேசவில்லை. காரை உள்ளே கொங்கிரீட் தளத்தில் ஏற்றச் சொன்னார். தளத்தின் மேல் மேசன்மார் வைக்கிற மட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று எனக்குக் காட்டினார். எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். பத்து நிமிசம். எனக்கு ஏறிய கோபத்துக்கு அளவில்லை. திரும்பி வந்து சொன்னார்: “மேல சுத்திக்கொண்டு நிண்ட ஒயில் எல்லாம் கீழ இறங்கவேணும் டீச்சர். ஓடி வந்த உடனே இழுத்தா கம்பி பொய் சொல்லும். அஞ்சு நிமிசத்துக்குக் குறைய இழுக்கவே படாது.”

பிறகு தான் இழுக்கவில்லை. என்னை இழுக்கச் சொன்னார்.

மஞ்சள் வளையத்தைப் பிடித்து இழுத்தேன். கம்பி முழுக்க மேலிருந்து கீழ்வரை ஒயில். “இதப் பாத்து ஒண்டும் சொல்லேலா” என்றார். எஞ்சின் ஓடும்போது தெறித்த ஒயில் கம்பியில் ஒட்டியிருக்கும். முதல் இழுவை துடைப்பதற்குத்தான். துணித்துண்டால் துடைத்து, கடைசிவரை அழுத்திச் செருகி, திரும்ப இழுத்து, படுக்கையாகப் பிடித்துப் பார்க்கவேண்டும். செங்குத்தாகத் தூக்கிப் பிடித்தால் ஒயில் வழிந்து கணக்கு மாறிவிடும். இரண்டு பக்கமும் பார்த்து, எந்தப் பக்கம் குறைவோ அதையே எடுக்கவேண்டும், ஏனென்றால் குழாயின் சுவரில் உரசி ஒரு பக்கம் கூடுதலாகக் காட்டும். கீழே ஒரு புள்ளி, மேலே ஒரு புள்ளி. ஒயில் இரண்டுக்கும் நடுவில் நின்றால் போதும், மேல் புள்ளிக்குக் கிட்ட நின்றால் நல்லம்.

என் காரில் மேல் புள்ளியையும் தாண்டி ஒரு சுண்டுவிரல் நகம் அளவு ஏறி நின்றது.

“இது ஒயிலா, இல்ல வெள்ளமா டீச்சர்?” என்றார் காக்கா.

கணக்கை அவர் சோக்கட்டியால் தளத்திலேயே எழுதிக் காட்டினார். ஆரம்பப் பிரிவு ஆசிரியைக்குக் கழித்தல் படிப்பித்த பெருமை அவருக்குத்தான். இந்த எஞ்சினுக்குப் பில்டரும் மாற்றினால் 3.7 லீற்றர். பில்டர் மாற்றாவிட்டால் 3.4. கடையில் விற்கிற கேன் 4 லீற்றர். கேனை முழுசாக ஊற்றினால், பில்டர் மாற்றியிருந்தால் 300 மில்லி கூட. மாற்றாவிட்டால் 600 மில்லி கூட. “கம்பியில கீழ்ப் புள்ளிக்கும் மேல் புள்ளிக்கும் இடையில கிட்டத்தட்ட ஒரு லீற்றர். இப்ப மேல ஏறி நிக்கிறதப் பாத்தா முன்னூறு இல்ல, அறுநூறு.”

பில்லில் பில்டர் 1 என்று இருக்கிறதே என்றேன். பையனைக் கூப்பிட்டார், “மனே, அந்த லைட்டப் பிடி.” காரை ஜக்கில் தூக்கி என்னைக் குனியச் சொன்னார். பில்டரின் மேல் காய்ந்த சேறு. 2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தில் எங்கள் ஒழுங்கை முழங்கால் தண்ணீரில் கிடந்தது, அப்போது ஒட்டிய சேறு. ஜனவரியில் மாற்றியதாகச் சொன்ன பில்டரில் நவம்பர் சேறு எப்படி வந்தது? காக்கா அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. “அது உங்கட பாடு” என்றதோடு சரி. அந்தச் சேற்றை நான் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

நான் அதுவரை ஒயில் கூடினால் நல்லதுதானே என்று நினைத்திருந்தவள். சோற்றுக்குக் கொஞ்சம் கூட நெய் விட்டால் என்ன குறைந்துவிடும் என்பதுபோல. எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கி நிற்கும் சம்புக்கு மேலே எஞ்சினின் சுழல்தண்டு, கிராங்க் சாப்ட், சுற்றுகிறது. ஒயில் மட்டம் கூடினால் அது ஒயிலில் தோய்ந்து அடிக்கும். “மத்துப் போட்டுத் தயிர் கடையிற மாதிரி நுரைக்கும். பம்ப் ஒயிலை உறிஞ்சாது, நுரையை உறிஞ்சும். காத்தக் கொண்டு பெயாரிங்கை நனைக்கேலுமா?” அடியில் ஒயில் கலங்கி ஆவியாகிப் போனால், அது எஞ்சின் மூச்சு விடுகிற குழாய் வழியாகக் காற்று இழுக்கிற பக்கம் போய், பெற்றோலோடு எரிகிறது. அந்த நீலப் புகை அதுதான். எயார் கிளீனர் பெட்டியைத் திறந்து காட்டினார், உள்ளே ஒயில் பசை. பழைய எஞ்சினில் சீல்கள் தளர்ந்திருக்கும், அழுத்தம் கூடினால் அதாலும் கசியும். அப்படியானால் எஞ்சின் கழட்ட வேண்டாமா என்று கேட்டேன். “கழட்டலாம், ஒயிலைத்தான்” என்றார்.

இந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. முழு ஒயிலையும் வடித்துப் புதுசு போடச் சொல்லியிருந்தால் நான் தலையாட்டியிருப்பேன், அவருக்கும் ஒரு முழு வேலை கிடைத்திருக்கும். “மூணு கிழமை ஒயில். காசைக் கரைக்காதீங்க, நான் ஊத்த மாட்டன்” என்று சொல்லிவிட்டார். பில்டரை மட்டும் மாற்றினார். புதுப் பில்டருக்குள் ஒயில் நிறைந்ததில் மட்டம் கொஞ்சம் இறங்கியது. எஞ்சினை ஒரு நிமிசம் ஓட்டி, நிறுத்தி, திரும்பவும் காத்திருந்து கம்பி பார்த்தோம். மிச்சம் கூடிய ஒயிலை எடுத்த விதம் ஆஸ்பத்திரி வேலை மாதிரி. சேலைன் டியூப் ஒன்றைக் கம்பிக் குழாயால் உள்ளே இறக்கி, பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி, ஒரு சோடாப் போத்தலுக்குள் விட்டார். மேல் புள்ளிக்குச் சற்றுக் கீழே வந்ததும் நிறுத்தினார். பில்டர் விலையும் கூலியுமாக அன்றைக்குக் கொடுத்தது, பெரிய இடத்தில் பில்டருக்கு மட்டும் போட்ட தொகையைவிடக் குறைவு. புகை உடனே நிற்கவில்லை, குழாய்களில் கிடந்த ஒயில் எரிந்து முடிய ஒரு கிழமை போயிற்று. அதற்குப் பிறகு சாம்பிராணி இல்லை.

அந்தக் கராஜில் ஒரு அலுமாரித் தட்டில் ஜாம் போத்தல் ஒன்று இருக்கிறது. போகிறவர்கள் கேட்டுப் பாருங்கள். உள்ளே அரைவட்டத் தகடுகள், வெள்ளி நிறத்தில் இருக்கவேண்டியவை செம்பு தெரியும்வரை தேய்ந்து கிழிந்து கிடக்கின்றன. ஒரு வேனின் பெயாரிங் செல்கள். அந்த வேன்காரர் கம்பி பார்ப்பதில்லை, ஒயில் லைட் பத்தினால் பார்ப்போம் என்று இருந்தவராம். டாஷ்போட்டில் வருகிற அந்தச் சிவப்பு விளக்குச் சின்னம் ஒயில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதில்லை. ஒயிலின் அழுத்தம் விழுந்துவிட்டது என்று சொல்கிறது. மட்டம் ஆபத்தான அளவுக்கு இறங்கி, வளைவில் திரும்பும்போது ஒயில் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கும்போதுதான் அது மினுங்கும். ஆகவே அது பத்தினால் ஓட்டிப்போய்க் கராஜில் காட்டுவோம் என்ற கதையே இல்லை. அந்த இடத்திலேயே நிறுத்தி எஞ்சினை அணைக்கவேண்டும்.

என் பக்கத்துப் பாவத்தையும் ஒத்துக்கொள்ளவேண்டும். 2022இல் கியூஆர் கோட் காட்டிப் பங்கீட்டுப் பெற்றோலுக்கு வரிசையில் காய்ந்த காலத்தில், 5,000 கிலோமீற்றரில் மாற்றவேண்டிய ஒயிலை 9,000 வரை இழுத்தேன். காக்கா ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உட்புறத்தைக் காட்டினார். கறுப்பு மஸ்கட் மாதிரி ஒரு பசை. அவர் திட்டவில்லை, மூடியைத் துடைத்துப் பூட்டினார். திட்டியிருந்தால் பரவாயில்லை போல் இருந்தது.

இப்போது இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஞாயிறு காலையில் கம்பி பார்க்கிறேன். எங்கள் முற்றம் கல்லடி மணல், ஒரு பக்கம் சரிவு. அங்கே பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கணக்கு. படலைக்கு வெளியே உள்ள கொங்கிரீட் வீதியில் ஒரே இடத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். சூடாக்கி நிறுத்திப் பார்ப்பதுதான் முறை என்கிறார் காக்கா, ஆனால் விடியற்காலையில் ஸ்டார்ட் பண்ண முதல் பார்ப்பது எனக்கு லேசு. “எப்பிடிப் பாத்தாலும் ஒவ்வொரு முறையும் அப்பிடியே பாருங்க” என்று விட்டுவிட்டார். பாடக் குறிப்புப் புத்தகத்தின் கடைசித் தாளில் திகதி, கிலோமீற்றர், மட்டம் எழுதுகிறேன். அப்படி எழுதியதில் தெரிந்தது, இந்த எஞ்சின் ஆயிரம் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 200 மில்லி குடிக்கிறது. பயந்துபோய்க் கேட்டேன். வயதான எஞ்சின் கொஞ்சம் குடிக்கும், ஆயிரத்துக்கு ஒரு லீற்றர் வரை போகலாம் என்று கம்பெனிக் கையேடுகளே இடம் விடுகின்றன, உங்களுடையது பிள்ளைப்பூச்சி என்றார். ஆனால் கணக்கைப் பாருங்கள்: 200 மில்லிப்படி 5,000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர். அடுத்த ஒயில் மாற்றம்வரை கம்பியைத் தொடாமல் இருந்தால், மேல் புள்ளியில் தொடங்கிய ஒயில் கீழ்ப் புள்ளியில் வந்து நிற்கும். நான் முன்னம் 9,000 ஓட்டியவள். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

குறைந்ததை ஊற்ற மகனின் பழைய சூப்பிப் போத்தலைப் பாவிக்கிறேன், மில்லிலீற்றர் கோடு போட்டிருக்கிறது. அம்மா பார்த்துவிட்டு, “பேரன் குடிச்ச போத்தல்லயா புள்ள காருக்குப் பால் குடுக்கிறாய்” என்று கேட்டார். 200 ஊற்றுவேன், பொறுப்பேன், பார்ப்பேன். மொத்தமாக ஊற்றுவதில்லை.

நிறம் பற்றி ஒரு விசயம், குறிப்பாக எங்கள் ஊர்க்காரருக்கு. ஒயில் கறுத்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, அது வேலை செய்து அழுக்கைச் சுமந்தால் கறுக்கும். வெறும் தேத்தண்ணி நிறம், கடும் தேத்தண்ணி நிறம் இரண்டுக்கும் பயமில்லை. பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் காரை ஓட்டாதீர்கள். தண்ணீரோ, ரேடியேட்டர் நீரோ கலந்திருக்கிறது. மாரியில் வெள்ளத்துக்குள் நின்ற வாகனத்தை, தண்ணீர் வடிந்த உடனே சாவியைப் போட்டுப் பார்க்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. முதலில் கம்பியை இழுக்கவேண்டும். மட்டம் ஏறியிருந்தாலோ நிறம் வெளுத்திருந்தாலோ ஸ்டார்ட் பண்ணாமல் கட்டி இழுத்துக்கொண்டு வாருங்கள் என்கிறார். மட்டம் தானாக ஏறி, கம்பியில் பெற்றோல் மணம் அடித்தால் அதுவும் நோய்தான்.

காக்காவோடு எனக்கு உடன்படாத இடமும் உண்டு. வயதான எஞ்சினுக்கு, எங்கள் வெயிலுக்கு, கொஞ்சம் தடித்த ஒயில் போடச் சொல்லி ஒவ்வொரு முறையும் நிற்கிறார். என் காரோடு வந்த கையேடு ஜப்பான் மொழியில். எனக்கு அதில் வாசிக்க முடிந்தது இலக்கங்கள் மட்டும். 3.7 அங்கேயும் இருந்தது. ஒயிலின் தடிப்பைச் சொல்கிற 5டபிள்யூ-30 என்பதும் இருந்தது. கம்பெனி எழுதியதை விட்டு நான் இறங்குவதாக இல்லை. கடைசியில் 10டபிள்யூ-30இல் சமாதானமானோம், அதுவும் கையேட்டில் இருக்கிறது என்பதால். இரண்டு பேருக்கும் முழுத் திருப்தி இல்லை.

ஒயில் அவரிடம் வாங்கலாம், வெளியில் வாங்கிக்கொண்டும் போகலாம். கொண்டுபோனால் கேனின் மூடி வளையம் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கத்தி வைப்பார். ஊற்றி முடிந்த வெறும் கேனைக் கிழித்துத்தான் போடுவார், இல்லாவிட்டால் யாரோ எடுத்து எதையோ நிரப்பி விற்பார்களாம். 4 லீற்றர் கேனில் மிஞ்சுவது 300 மில்லி. அதை வேறு போத்தலில் விட்டு என் கார் இலக்கத்தை எழுதிக் கையில் தருகிறார். இவ்வளவு வருசமும் வேறு இடங்களில் அந்த 300 மில்லி எஞ்சினுக்குள் போனதா, வேறு எங்காவது போனதா என்பது வேறு கதை. வடித்த பழைய ஒயிலை வடிகானுக்குள் விடுவதில்லை, பீப்பாவில் சேர்க்கிறார். வேலிக்கட்டைக்குக் கறையான் அடிக்காமல் பூசக் கேட்டு வருகிறவர்களை அங்கேயே கண்டேன். வாவி ஒழுங்கை முடிவில் இருக்கிறது, அந்தப் பீப்பாவுக்காகவே நான் ஒரு புள்ளி கூடப் போடுவேன்.

குறைகள்: நேரம் சொன்னால் நம்பவேண்டாம். ஒரு மணித்தியாலம் என்றால் இரண்டரை. போன் எடுக்கமாட்டார், கை முழுக்க ஒயில் என்பார். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பூட்டினால் பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகுதான் திறக்கும், நோன்பு காலத்தில் பின்னேரம் போகவே வேண்டாம். கார்ட் இல்லை, காசுதான். கார் கழுவித் தரமாட்டார். பையன் நல்ல பிள்ளை, ஆனால் அவன் கை பட்ட ஸ்டியரிங் வளையத்தை நான் வீட்டில் சவர்க்காரம் போட்டுத் துடைக்கிறேன்.

பில்லும் இல்லை. ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். “எழுதித் தாறன் டீச்சர்” என்பார். மூன்று ஒயில் மாற்றம் முடிந்துவிட்டது, சோக்கட்டியில் தளத்தில் எழுதுகிற கணக்குத்தான் இன்னும் என் பில். போன முறை அதையும் படம் எடுத்துக்கொண்டு வந்தேன்.